கோயிலை இடிக்காமல் கோட்டையைப் பிடிப்பது எப்படி?

இன்று மதியம் திருவொற்றியூரில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், வீட்டுக்காரர், நாத்தனார் செல்வி. மூவருக்கும் நடுவில், என் போனில், ஓர் எதிரிக் கோட்டை.

நான் ஆடும் ராஜா காலத்துப் போர் விளையாட்டுக்கு இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. முதல் பாகத்தில் ஓர் ஊரைப் பிடித்தால், அங்குள்ள கோயிலை அப்படியே விடலாமா என்று கேட்பார்கள். இதில் கேட்பதே இல்லை. தானாக இடிந்து ஆயுதக் கிடங்காகிவிடுகிறது.

ரசிகர் குழுவில் பாதிப் பேர் இதுதான் நிஜமான போர் என்று கொண்டாடுகிறார்கள். நான் காலையிலேயே, "பக்தி இல்லாதவர்கள் செய்த விளையாட்டு" என்று நீளமாகத் திட்டி எழுதிவிட்டேன்.

"இன்னா அண்ணி, கோட்ட வாசல்லயே நின்னுகினு கீற? உள்ள பூரு!" என்றாள் செல்வி.

"கோயில் இடிஞ்சிடும்டி. அந்தப் பாவம் யாருக்கு?"

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கோட்டைய சுத்தி கீற வூட்டையெல்லாம் யாரு கொளுத்துனது?"

நான்தான். காலையில் சுலோகம் சொல்லிக்கொண்டே கொளுத்தினேன். அப்போது பாவம் நினைவுக்கு வரவில்லை.

குழுவில் போட்டதை எடுத்துவிட்டேன். ஆனால் என் படை இன்னும் அந்த வாசலில்தான் பட்டினியாக நிற்கிறது.

கோயிலையும் மிச்சமிருக்கும் வீடுகளையும் விட்டுவிட்டு ஊரைப் பிடிக்க இரண்டாம் பாகத்தில் வழி இருக்கிறதா? தெரிந்தவர்கள் நான் விளக்கேற்றுவதற்குள் பதில் சொல்லுங்கள்.