மூலை வெட்டும் பெட்டியும் பூஜைச் சந்தனமும்

படத்துக்குச் சட்டம் போடுவது சுலபமான வேலை என்று நினைக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. நாலு கட்டை, ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு அட்டை, கொஞ்சம் ஆணி, அவ்வளவுதானே என்பார்கள். ஐம்பதுகளில் புதுக்கோட்டையில் நான் சட்டக்கடை வைத்திருந்தபோது கடைக்கு வந்தவர்களில் பாதிப் பேர் இதைச் சொல்லியிருக்கிறார்கள். நாலு கட்டையின் எட்டு முனைகளும் சரியாக நாற்பத்தைந்து டிகிரியில் வெட்டுப்பட வேண்டும். நூலளவு தப்பினாலும் போச்சு, மூன்று மூலைகள் ஒட்டிக்கொண்டு நாலாவது மூலை வாயைப் பிளக்கும். அந்தப் பிளவில் விரலை வைத்து, "இது என்னங்க ஓட்டை?" என்று கேட்பவரும் அதே ஆள்தான்.

இந்த எட்டு முனைகளுக்காகத்தான் திருச்சியில் ஒரு பழைய இரும்புக் கடையில் மூலை வெட்டும் பெட்டி ஒன்றை வாங்கினேன். பெட்டி என்பது பெயர்தான், மூடியெல்லாம் கிடையாது. கனமான இரும்புப் படுகை. முன்பக்கம் அரைவட்டத் தகடு, அதன் விளிம்பில் கோணத்துக்கு ஒரு பள்ளம். ரம்பம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிமிர்ந்து நிற்கும். கைப்பிடியை நகர்த்தினால் அடியிலுள்ள இரும்பு நாக்கு வேண்டிய பள்ளத்தில் 'டக்'கென்று விழும். விழுந்துவிட்டால் ரம்பம் அந்தக் கோணத்தைவிட்டு அசையாது. அதைப் பஸ்ஸின் கூரையில் ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரோடு திருச்சியில் தொடங்கிய சண்டை கீரனூர் வரை முடியவில்லை.

கொண்டுவந்து சேர்த்த பிறகு அதைப் பழக்குவதே பெரும்பாடாக இருந்தது. வேலை மேசையோடு நாலு போல்ட்டு போட்டு இறுக்காவிட்டால் ரம்பம் இழுக்கும்போது பெட்டியும் கூடவே வரும். கட்டையைக் கையால் பிடிக்கக் கூடாது, கிளாம்பு போட்டுப் பூட்ட வேண்டும். ரம்பம் பிடிக்காத கை அதைவிட்டு ஒரு சாணாவது தள்ளி இருக்க வேண்டும். ரம்பத்தை அழுத்தவும் கூடாது. அதன் கனத்துக்கே அது இறங்கும், நாம் முன்னும் பின்னும் ஓட்டினால் போதும். வாரத்துக்கு ஒருநாள் முக்கோண அரத்தால் பல் தீட்ட வேண்டும். துருப்பிடிக்காமல் இருக்க மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். தேங்காயெண்ணெய் போட்டால் மரத்தூள் ஒட்டிப் பிசுபிசுக்கும். இதையெல்லாம் நான் தினமும் சொன்னேன். சொன்னேன் என்று இப்போது மரியாதையாக எழுதுகிறேன், உண்மையில் கத்தினேன்.

கத்தியது என்னிடம் வேலை பார்த்த ஒரே ஆளிடம். ஆவூர்ப் பக்கத்துக்காரர், வேதக்காரர், என் வயதுதான் இருக்கும். அப்போது அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன், எழுதும்போது 'அவர்' என்று வருகிறது. திங்கள் காலை வந்து வாரம் முழுக்கக் கடையிலேயே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போவார். ஊரில் அவருக்கு இருந்தது வானம் பார்த்த பூமி. இரண்டு வருஷமாகக் கடலை கைவிட்டிருந்தது. மனைவி, இரண்டு பிள்ளைகள். சட்டக்கடை வேலையை விட்டால் பெட்டி படுக்கையோடு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதுதான் என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கை சுத்தமான ஆள். ரம்பத்தைத் தொடும் முன் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொள்வார். அதற்குக்கூட, "சீக்கிரம் ஆகட்டும்ப்பா" என்பேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு நான் கொஞ்சம் அதிகமாகவே செய்தேன். பெட்டி வந்து முதல் பூஜை. சோறு போடுகிற சாமான் அல்லவா? உளி, சுத்தியல், கண்ணாடி வெட்டும் வைரம் எல்லாவற்றுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பெட்டிக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்துப் பட்டையாகவே பூசினேன், கோணத் தகட்டின் மேலும். மறுநாள் பூஜை பிரித்ததும் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டோம். பெட்டியில் இருந்ததைத் துடைக்கவில்லை. சாமிக்கு வைத்ததைத் துடைத்துப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அதுவாக உதிர்ந்தால் உதிரட்டும் என்று விடுவதுதான் பழக்கம்.

அடுத்த வாரமே மூலைகள் பிளக்க ஆரம்பித்தன.

முதலில் மழைமேல் பழியைப் போட்டேன். ஐப்பசி, மரம் ஈரம் குடித்திருக்கும். பரண்மேல் காயவைத்த கட்டையை எடுத்து வெட்டச் சொன்னேன். அதுவும் பிளந்தது. பிறகு மரக்கடைக்காரர். அவரோடும் ஒரு சண்டை முடிந்தது. அதற்குப் பிறகு மிச்சம் இருந்தது வெட்டுகிறவர்தான். மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் குழைத்துப் பிளவை அடைத்து, மேலே வார்னிஷ் அடித்து அனுப்பினோம். ஒரு வாரத்தில் அது காய்ந்து உதிர்ந்துவிடும். கொடும்பாளூரிலிருந்து ஒருவர் மாமனார் மாமியார் படத்தை இரண்டு தடவை திருப்பிக் கொண்டுவந்தார். இரண்டாம் தடவை படத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பெட்டியில ஏதோ கோளாறா இருக்குமோன்னு தோணுதுங்க" என்றார் என் ஆள், கொடும்பாளூர்க்காரர் போன பிறகு.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன் நான். "இங்கிலீஷ்காரன் செஞ்ச இரும்புப்பா அது. அது கோணும், ஒன் கை கோணாதா?"

அவர் அடுத்த கட்டையை எடுத்துக் கிளாம்பில் வைத்தார். எனக்குப் பதில் சொல்லாதவர்களைக் கண்டாலும் எரிச்சல்தான். கார்த்திகைத் தீபத்துக்குள் மூலை சேரவில்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். சும்மா மிரட்டலுக்குச் சொன்னதல்ல. விராலிமலைப் பக்கம் ஒரு ஆளை விசாரித்தும் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு மூலைகள் ஓரளவு சேர ஆரம்பித்தன. பார்த்தீர்களா, சத்தம் போட்டால்தான் வேலை நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எப்படிச் சேர்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

கார்த்திகைத் தீபத்துக்கு நாலைந்து நாள் இருக்கும். முன்கடையில் ஒரு வாத்தியாரோடு வாக்குவாதம். பழைய சட்டம் ஒன்றின் மூலை வழியாக எறும்பு நுழைந்து கண்ணாடிக்குள் முருகன் முகத்தில் ஊர்கிறது என்று படத்தைத் தூக்கிவந்திருந்தார். எறும்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ரம்பம் பாதி இழுப்பில் நின்றது. போய்ப் பார்த்தால், இடது கட்டைவிரலை வேட்டி முனையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். கட்டையெல்லாம் ரத்தம். கிளாம்பு தளர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. கையால் பிடித்து வெட்டியிருக்கிறார்.

எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ரத்தத்தைப் பார்த்த பதற்றம் எல்லாம் கோபமாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன், தையல் போட்டார்கள், பஸ் ஏற்றிவிட்டேன், வழி முழுக்கத் திட்டிக்கொண்டேயிருந்தேன். "ஆயிரம் தடவ சொன்னேன், கிளாம்பப் பூட்டுன்னு. பூட்டாமதான் வெட்டுவேன்னா இனிமே இங்கிட்டு வராத." அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, சரிங்க என்று தலையாட்டினார்.

வேறு ஆள் வரும்வரை நானே வெட்டினேன். எல்லாம் முறைப்படி. போல்ட்டு நாலையும் இறுக்கினேன். கிளாம்பு பூட்டினேன். கையை ஒரு சாணுக்கு ஒன்றரைச் சாணாகத் தள்ளி வைத்துக்கொண்டேன். பல் புதிதாகத் தீட்டியிருந்தது. நாலு கட்டை வெட்டி மூலை சேர்த்துப் பார்த்தால் வாயைப் பிளக்கிறது. இன்னொன்று வெட்டினேன், அதுவும் அப்படியே. மூன்றாவதை வெட்டி மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தேன். இடப் பக்கம் வெட்டிய முனைகள் சரியாக இருந்தன. வலப் பக்கம் வெட்டியது ஒவ்வொன்றும் அதே அளவு தப்பியிருந்தது. கைத்தப்பு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவில் வராது. இந்த ஒரு சோதனையை, இரண்டு துண்டு வெட்டி மட்டம் வைத்துப் பார்க்கிற ஐந்து நிமிஷச் சோதனையை, நான் ஒன்றரை மாதத்தில் ஒருநாள் செய்திருந்தால் போதும்.

நாக்கைத் தூக்கி வலப் பக்கப் பள்ளத்தில் ஊசியை விட்டுப் பார்த்தேன். அடியில் எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து கருத்து இறுகிக் கிடந்தது என் சந்தனம். நாக்கு அதன்மேல் உட்கார்ந்திருந்தது, பள்ளத்தில் முழுசாக இறங்கவே இல்லை. சுரண்டி எடுக்க எடுக்க மணம் வந்தது. எடுத்துவிட்டு வெட்டினேன். நாலு மூலையும் கோடு தெரியாமல் சேர்ந்தன. கூடம்தான் கோணல். கோணலாக்கியவனும் நானேதான்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுக் கீரனூரில் போய் இறங்கினேன். அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்ச் சேர உச்சிவெயில் ஆகிவிட்டது. வாசலில் உட்கார்ந்து மனைவியோடு கடலை உடைத்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட விரலைத் தனியாக நீட்டிக்கொண்டு மற்ற விரல்களால் உடைத்தார். வாங்க என்று இருவரும் எழுந்தார்கள். உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பெட்டியிலதான்பா கோளாறு. வலப் பக்கப் பள்ளத்துல சந்தனம் காஞ்சு கெடந்துச்சு."

"ஆமாங்க" என்றார்.

"என்ன ஆமா? ஒனக்குத் தெரியுமா?"

"பூஜை கழிச்சு மூணாம் நாளே பாத்தேங்க. நாக்கு முழுசா எறங்கல. கிளாம்பப் பூட்டுனா பெட்டி சொல்ற கோணந்தான் வரும். அதான் தளத்திக்கிட்டு, கட்டைய ஒரு மயிரிழை கையால திருப்பி வெட்டுனேன். மூலை சேந்துச்சுல்ல?"

"அடப்பாவி, அந்தச் சந்தனத்தச் சொரண்டிப் போட்டிருக்கலாம்ல?"

"நான் வேதக்காரங்க. நீங்க சாமிக்கு வெச்சத நான் ஆணிய வெச்சுச் சொரண்டுனா நல்லாவாங்க இருக்கும்?"

எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது. "சரி, சொரண்ட வேணாம். என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவர் குனிந்து கடலையை எடுத்தார். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"அவுக சொன்னாகங்க. பள்ளத்துல சந்தனம் இருக்கு, எடுத்துடலாமான்னு கேட்டாகளாம்."

"விடு" என்றார் அவர்.

"நான் என்ன சொன்னேன்?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன்.

"'எங்க சாமி விசயத்துல நீ மூக்க நொழைக்காத, கட்டைய ஒழுங்காப் பிடி'ன்னு சொன்னீங்களாம். அந்தச் சனிக்கெழம வந்து சோறு திங்காமப் படுத்தாக."

அதை அந்த அம்மா குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னார். சொல்லிவிட்டு எனக்குக் காப்பி போட உள்ளே போனார். நான் கட்டுப்போட்ட அந்த விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காயம் ஆறியதும் வா, வேறு யாரையும் வைக்க மாட்டேன் என்றேன். வாரேங்க என்றார். மூன்று வாரம் கழித்து வந்தார், அதற்கப்புறம் பல வருஷம் என்னோடு இருந்தார். அந்த விரலில் நகம் இரண்டாகப் பிளந்துதான் வளர்ந்தது.

அப்படி நான் சொன்ன நாளை எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். எந்த நேரம், கையில் என்ன வேலை, என்ன எரிச்சலில் இருந்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. சொல்லியிருப்பேன் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. எனக்கு நினைவே இல்லாத ஒரு வாக்கியம் அந்த வீட்டில் எழுத்துப் பிசகாமல் எல்லோருக்கும் மனப்பாடமாக இருந்தது.