வேம்பு ஆடியில் நாள் குறித்தாள்

நெடுவாய்க்கால் வேம்புக்கு நடவில் கை வேகம். பேச்சில் அதைவிட வேகம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே எந்தப் பண்ணையில் நாற்று இறங்கினாலும் முதல் வரிசையில் நிற்பாள். கூலித் தகராறு வந்தால் அதிலும் முதல் வரிசைதான். அவள் புருஷன் காத்தான் இரண்டிலும் கடைசி. அந்த வீட்டில் சண்டையே கிடையாது என்று தெருவில் பெருமையாகச் சொல்வார்கள். சண்டைக்கு இரண்டு பேர் வேண்டுமே.

அவளுடைய முதல் பிரசவம் வீட்டில் நடந்தது. பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. அதற்கப்புறம்தான் எல்லாம் கெட்டது. ரத்தம் நிற்கவில்லை. துணி நனைந்தது, கோணி நனைந்தது, கீழே பரப்பிய வைக்கோலும் நனைந்தது. வைக்கோலோடு மாட்டுவண்டியில் போட்டு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அறுவடைத் தகராறு நடந்துகொண்டிருந்த சமயம். வழியில் பண்ணை ஆட்கள் ஓரிடத்தில் மறித்தார்கள், சங்கத்து ஆட்கள் இன்னோரிடத்தில் மறித்தார்கள். இரு தரப்பும், வைக்கோலுக்கு அடியில் நெல் கடத்துகிறார்களா என்று தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வழி விட்டன. அவள் பிழைத்தது யாருடைய சாதனை என்பது இன்றுவரை தீரவில்லை. அம்சம் என்கிற மாமியார், மாரியம்மன் என்றாள். காத்தான், டாக்டர் என்றான். டாக்டர், அதிர்ஷ்டம் என்றார்.

சில வருஷம் போனது. ஒருநாள் வேம்பு தானாகவே அதே டாக்டர் பிரகதாம்பாளைப் பார்க்கப் போனாள்.

"எத்தனை மாசம்?" என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

"இன்னும் இல்லீங்க. வச்சிக்கலாமான்னு கேக்க வந்தேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் சர்வீஸில் பிள்ளை உண்டாவதற்கு முன்னால் யாரும் அவரிடம் யோசனை கேட்டதில்லை. அந்த மரியாதைக்காகவே நேரம் ஒதுக்கிச் சொன்னார்.

"ஒரு தடவ அப்படிப் போனவங்களுக்கு அடுத்த தடவையும் போகலாம். போகாமலும் இருக்கலாம். போகும்னு நெனச்சே ஏற்பாடு பண்ணணும். மொதல்ல உன் ஒடம்புல ரத்தம் ஊறணும், அதுக்கு மாத்திரை தரேன். பிரசவம் இங்கதான், வலி எடுக்கிறதுக்கு முன்னாடியே வந்து படுத்துடணும். உன் குரூப் ரத்தம் உள்ள ரெண்டு பேர் வெளியே தயாரா நிக்கணும். இதெல்லாம் நடக்கும்னா பெத்துக்கோ. இல்லேன்னா ஒண்ணோட நிறுத்திக்கோ."

"நடத்திப்புடுறேங்க," என்றாள் வேம்பு. ஏதோ ஒரு வயலை நட்டு முடித்துவிடுகிறேன் என்பது போலச் சொன்னாள்.

மாத்திரை விழுங்குவது சுலபமாக இருந்தது. ஆள் பிடிப்பதுதான் கஷ்டம். தெருவே திரண்டு போய் விரலைக் குத்திக்கொண்டது. பலருக்கு அவளுடைய குரூப்தான். ஆனால் டாக்டர் ஒவ்வொருவராகக் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். "இவங்களுக்கே நான் ஏத்தணும் போலிருக்கு," என்றார். கடைசியில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பண்ணைக் காரியஸ்தர் மருதையன். பல் பிடுங்கிக்கொள்ள வந்தவரை டாக்டர் வாசலிலேயே மடக்கிச் சோதித்திருந்தார். இன்னொருவர் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் சாமிதுரை. மருதையன் தேறியதில் ஆச்சரியமில்லை, பண்ணைச் சோறு. சாமிதுரை தேறியதற்கும் சோறுதான் காரணம். அறுவடைப் போராட்டத்தில் கைதாகி, திருச்சி ஜெயிலில் வேளாவேளைக்குச் சாப்பிட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தார். தொழிலாளிக்கு வயிறாரச் சோறு வேண்டும் என்று போராடியவருக்கு அரசாங்கம் அந்தக் கோரிக்கையை அவர் ஒருவர் அளவில் நிறைவேற்றி வைத்திருந்தது.

இந்த இருவரும் எதிரெதிர் வழக்குகளில் ஒருவருக்கு எதிராக ஒருவர் சாட்சி.

வேம்பு உட்கார்ந்து யோசித்தாள். தை, மாசியில் சம்பா அறுவடை. சாமிதுரை ஜெயிலில் இருப்பார். ஆனியில் தண்ணீர் வரும், நாற்றங்கால் தகராறு வரும்; மருதையன் கோர்ட்டில் இருப்பார். ஐப்பசியில் குறுவை அறுவடை. இரண்டு பேரும் ஸ்டேஷனில். ஆறு காய்ந்து, வயல் வெடித்து, சண்டை போட ஒன்றுமில்லாமல் ஊர் சும்மா கிடப்பது சித்திரையில்தான். அப்படியானால் பிள்ளை சித்திரையில் பிறக்க வேண்டும். சித்திரையில் பிறக்க வேண்டுமானால் ஆடியில் உண்டாக வேண்டும்.

அம்சம் மடேரென்று மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப் பாவி! சித்திரையில புள்ள பொறந்துடக் கூடாதுன்னுதானே ஊரு உலகமெல்லாம் ஆடியில புருசன் பொண்டாட்டியப் பிரிச்சு வைக்குது? நீ அந்த மாசத்தப் பாத்து நாளு குறிக்கிற!"

"ஊரு உலகத்துக்கு ரத்தம் குடுக்க ஆளு இருக்கு அத்தே. எனக்கு சித்திரையிலதான் இருக்கு."

"குடும்பத்துக்கு ஆகாதுடி!"

"நா செத்தா மட்டும் ஆகுமா?"

அம்சம் மூட்டையைக் கட்டினாள். முறைத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆடியில் யாராவது ஒருவர் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்ற மரபு அந்த வகையில் காப்பாற்றப்பட்டது.

சாமிதுரை பகுத்தறிவுப் பேச்சில் பழகியவர்; இந்த ஏற்பாட்டை மனதார வரவேற்றார். அவருக்கு எதையும் அமைப்பு ரீதியாகச் செய்துதான் பழக்கம். ஆடி பிறந்த இரண்டாம் நாள், வரப்பில் எதிரே வந்த காத்தானை நிறுத்தி, பத்து ஆள் கேட்கும்படி, "என்னப்பா காத்தான், ஆரம்பிச்சாச்சா?" என்றார். காத்தான் வரப்பைவிட்டுச் சேற்றில் இறங்கி நடந்தான். அந்த மாதம் முழுக்க அவன் வரப்பில் ஏறவே இல்லை.

ஆனாலும் காரியம் நடந்தது. புரட்டாசியில் டாக்டர் உறுதி செய்தார்.

அடுத்தது மருதையன். "எனக்கு ஒண்ணுமில்ல புள்ள. உறிஞ்சிக்கச் சொல்லு. மிராசுதார் ஒரு வார்த்த சொல்லணும்," என்றார் அவர். பண்ணைக்குச் சொந்தக்காரரான மிராசுதார் சொல்லவில்லை. குத்தகைதாரர் பதிவுச் சட்டம் வந்ததிலிருந்து அவர் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை. கொடுத்தது எதுவானாலும் உரிமைப் பாத்தியதையாகப் பதிவாகிவிடும் என்று பயம். குடிக்கத் தண்ணீர் கேட்டவனிடம்கூடப் பக்கத்துக் குளத்தைக் காட்டினவர்.

"இன்னிக்கி பண்ணைச் சோத்துல ஊறின ரத்தம் போகும். நாளைக்கி அந்தப் புள்ள வளந்து, எனக்கும் பண்ணைக்கும் ரத்த சம்பந்தம்னு தாசில்தார்ட்ட நின்னா?" என்றார்.

வக்கீலைக் கலந்து ஒரு பத்திரம் எழுதப்பட்டது. மேற்படி மருதையனின் ரத்தம் தன் உடம்பில் ஏறுவதை முன்னிட்டு, மேற்படி வேம்புவுக்கோ அவளது வாரிசுகளுக்கோ நஞ்சை புஞ்சை வகையில் யாதொரு பாத்தியதையும் கிடையாது என்று அதில் கண்டிருந்தது. வேம்பு கைநாட்டு வைத்தாள். விஷயம் தெரிந்து சாமிதுரை கொதித்துவிட்டார்.

"சங்கத்தக் கேக்காம மிராசுதாருக்குக் கைநாட்டு வச்சியா? முத்தரப்புப் பேச்சுவார்த்த இல்லாம?"

"அண்ணே, கூலிக்கு நீங்க பேசுங்க. இது என் ஒடம்பு, ஒரே தரப்புதான்," என்றாள். பிறகு குரலைத் தணித்து, "அது கெடக்கட்டும், இந்த வருசம் எப்ப உள்ள போறீங்க? பங்குனிக்குள்ள வந்துடுவீங்கல்ல?" என்று கேட்டாள்.

அங்கேதான் இடி விழுந்தது. அந்த வருஷம் பார்த்துக் கூலி ஒப்பந்தம் அமைதியாக முடிந்துவிட்டது. அந்தப் பக்கம் ஏதோ இடைத்தேர்தல். யார் மேலும் கை வைக்கக் கூடாது என்று கழக அரசாங்கத்தின் உத்தரவு. தை போயிற்று, மாசி போயிற்று, சாமிதுரையை யாரும் கைது செய்யவில்லை. வீட்டுக் கஞ்சியில் அவர் மெலிந்துகொண்டே வந்தார். டாக்டர் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "இவரும் தண்ணியாயிட்டார்," என்றார்.

வேம்பு வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கூடவே சாமிதுரை தலையைக் குனிந்துகொண்டு.

"அண்ணன ஒரு மாசம் உள்ள வச்சுக் குடுங்க ஐயா."

இன்ஸ்பெக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் எழுந்துவிட்டார். "ஏம்மா, இது ஜெயிலா, சத்திரமா? யோவ் சாமிதுரை, நீ என்னய்யா பண்ணியிருக்கே, உன்னப் புடிக்க?"

"வேணும்னா மறியல் பண்றேன் சார்."

"பண்ணு. நான் பாக்க மாட்டேன். எலக்சன் முடியட்டும்."

வேம்பு அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதாள். ஸ்டேஷன் வாசலில், தூங்குமூஞ்சி மரத்தடியில் உட்கார்ந்து, சத்தமில்லாமல். ஒரு பெண் சாகாமல் இருப்பதற்கு இத்தனை பேர் சம்மதம் வேண்டியிருக்கிறதே என்று நினைத்திருப்பாள். சாமிதுரை கொஞ்சம் தள்ளி நின்றார். 

மறுநாளிலிருந்து தெரு அவரைத் தத்து எடுத்துக்கொண்டது. புது மாப்பிள்ளைக்குப் போல, வீட்டுக்கு ஒரு வேளை. முருங்கைக்கீரை, முட்டை, வயல் நண்டு, நத்தை. டாக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். தெருப் பிள்ளைகள் அவர் சாப்பிடுவதை ஏக்கத்தோடு சுற்றி நின்று பார்த்தன. அவருக்குச் சோறு இறங்கவில்லை, வேம்பு விடவில்லை. "முழுங்குங்க அண்ணே. ஒங்களுக்கா திங்கிறீங்க?"

சித்திரையில், வலிக்கு முன்பே, வேம்பு ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாள். வெளியே ஒரே பெஞ்சில் ஒரு கோடியில் மருதையன், மறு கோடியில் சாமிதுரை, நடுவில் காத்தான். இருவரும் காத்தான் மூலமாகவே பேசிக்கொண்டார்கள்.

"காத்தான், அந்தாளக் கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லு."

"காத்தான், பெஞ்சு சர்க்கார் பெஞ்சுன்னு சொல்லு."

பையன் பிறந்தான். உடனே டாக்டர் ஊசி போட்டார். ஆனாலும் ரத்தம் போயிற்று. போன தடவை அளவுக்கு இல்லை. டாக்டரின் முகம் மாறுகிற அளவுக்கு. இருவரையும் உள்ளே கூப்பிட்டு அடுத்தடுத்த கட்டிலில் படுக்கவைத்து எடுத்தார்கள். ஒரு பாட்டில் ஏறியதும் ரத்தப்போக்கு நின்றது. இன்னொரு பாட்டில் அப்படியே இருந்தது. வேம்பு கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள்.

"எது ஏறிச்சு, எங்களுதா அவங்களுதா?" என்றார்கள் இருவரும் ஒரே சமயத்தில்.

"செவப்பா இருந்துதே, அது," என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் அவர் காத்தானையும் வைத்துக்கொண்டு சொன்னார். "ரெண்டு தடவ தப்பிச்சாச்சு. இதோட போதும். இங்கயே ஆபரேஷன் பண்ணிடலாமா?"

"அவரப் பண்ணிக்கச் சொல்லுங்க," என்றாள் வேம்பு.

காத்தான் திடுக்கிட்டான். "அதப் பண்ணா ஏர் புடிக்க முடியாதாம்ல?"

"நீங்க எப்ப ஏர் புடிச்சீங்க?"

"சங்கத்துல ஒரு வார்த்த கேட்டுக்கிட்டு..."

"சங்கத்துக்கா வயித்துல சொமந்தேன்? என் பங்கு ரத்தமெல்லாம் கொட்டியாச்சு. ஒங்களுக்கு ஒரு சொட்டு, அரை நாளு. போங்க."

காத்தான் எழுந்து, ஆண்கள் வார்டு எந்தப் பக்கம் என்று வாட்ச்மேனிடம் கேட்டான். அங்கே ஆபரேஷன் வரிசையில், வழக்கத்துக்கு மாறாக, முதல் ஆளாகப் போய் நின்றான். வேறு யாரும் வந்திருக்கவில்லை.