உருத்திரபுரத்தில் கால் வளர்ந்த கதிரை

வைகாசி வெயில் வன்னியையே பொரித்துக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, கதிரை ஒன்றைப் பார்ப்பதற்காக வவுனியாவிலிருந்து உருத்திரபுரம் போனேன். சிரிக்க வேண்டாம். சிம்மாசனம் என்ற கதிரைக்காகப் படை நடத்திய மன்னர்கள் சரித்திரத்தில் நிறையப் பேர்.

காலை ஆறரை பஸ். கிளிநொச்சிவரை ஏறத்தாழ எண்பது கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம், நின்றபடி. அங்கிருந்து ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபா.

உருத்திரபுரத்தில் என் அக்கா தனியே இருக்கிறா. காலமான அத்தான் நீர்ப்பாசனப் பகுதியில் வேலை செய்தவர். பழைய விடுதியொன்றைக் காலிசெய்தபோது அவருக்குக் கிடைத்த சாய்கதிரை அது. ஐம்பதுகளின் கடைசியில் செய்தது. வடக்கு ஐரோப்பாவில் பிறந்த வடிவம், நமது முதிரை மரத்திலும் பிரம்பிலும் மறுபிறவி எடுத்திருந்தது. பூவேலை, கொடிவேலை ஒன்றுமில்லை. வெளிப்பக்கம் சரிந்த மெலிந்த கால்கள், நிலத்தோடு இரகசியம் பேசும் உயரம். அந்தத் தாழ்வுதான் அதன் உயிர். உடைந்த கைப்பிடியையும் அறுந்த பிரம்பையும் திருத்த ஊர்த் தச்சரிடம் கொடுக்கச் சொன்னது நான்தான்.

விறாந்தையில் நின்றதோ ஒட்டகச்சிவிங்கி. நாலு காலிலும் ஆறு அங்குல ஒட்டு! நான் போட்ட சத்தத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் தாமாகவே திறந்திருக்க வேண்டும்.

தச்சரை வரவழைத்தேன். மனிதர் பூமாலையை எதிர்பார்ப்பவர்போல வந்தார்.

"சண்டையில இடம்பெயர்ந்த நேரம் ஆரோ விறகுக்குக் காலை அரிஞ்சிருக்கினம் ஐயா. எத்தினை வீட்டுக் கதிரை, கட்டில் என்னட்ட இப்பிடி வந்தது. அதான் முழுக்கால் போட்டு விட்டனான்."

"அது பிறந்ததே கட்டைக் காலோடதான். வாளை எடுங்கோ. இப்பவே அரியுங்கோ."

அவர் முகம் கறுத்து, கதிரையைக் கவிழ்க்கக் குனிந்தார். அதற்குள் அக்கா குசினியிலிருந்து வந்து அதில் இருந்துவிட்டா. பிறகு ஒன்றையும் பிடித்துக்கொள்ளாமல் தானாகவே எழும்பினா. திரும்பவும் இருந்தா.

"முந்தி இதில இருந்தால், எழும்ப ஆரையாவது கூப்பிட வேணும் தம்பி. கூப்பிட இப்ப ஆர் இருக்கினம்? அத்தான் போன பிறகு நான் இதில இருக்கேல்லை. அரியிறதெண்டால் என்னையும் சேத்து அரியச் சொல்லு."

வாள் வந்த வழியே போனது.

பழைய கதிரை திருத்தக் கொடுப்போருக்கு: முதலில் ஒரு படம் எடுத்துத் தச்சரிடம் காட்டுங்கள். அதற்கும் முன், அதில் இருக்கப்போவது யார் என்று கேளுங்கள்.

கோபம் இன்னும் ஆறவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. இவ்வளவு அழகாக அதைக் கீறி வடிவமைத்த அந்த மேதாவிக்கு, முழங்கால் வலியுள்ள ஒரு அக்காகூடவா இருக்கவில்லை?