வியர்த்தவரும் வியர்க்காதவரும்

போன கோடையில், முதலிபாளையம் அருகே என் மருமகனின் பனியன் கம்பெனியில் நடந்தது இது. குற்றவியல் நீதிமன்றத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் காகிதம் புரட்டி ஓய்வு பெற்றவன் நான். சும்மா இருக்க முடியாமல் கம்பெனி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்காமலேயே பல நடைமுறைகளையும் புகுத்தியிருந்தேன். அதில் ஒன்று, ஒரு துண்டுத் துணி வெளியே போனாலும் சலானில் என் கையெழுத்து வேண்டும் என்பது.

அன்று சரக்கு வாங்கும் பையர் ஒப்புதல் தந்து சீல் வைத்த சாம்பிள் டீ-ஷர்ட்டைக் காணவில்லை. மதியம் மூன்று மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். அதோடு ஒப்பிட்டுத்தான் சரக்கை எடுப்பார்கள். கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவர் அயனிங் செய்பவர். தென்காசிக்காரர், பக்கத்து லைன் வீட்டில் மனைவியோடு குடியிருந்தார்.

கூப்பிட்டு விசாரித்தேன். சட்டை நனைய வியர்த்திருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. கூண்டில் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன், எனக்கா தெரியாது? திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில், "ஒத்துக்கிட்டா போலீஸ் வரைக்கும் போகாது" என்றேன். ஆசை காட்டி வாங்கும் வாக்குமூலம் செல்லாது என்று நன்றாகத் தெரிந்துதான் சொன்னேன்.

"எடுத்தேன்யா. வீட்ல இருக்கு" என்றார்.

எழுதி, கையெழுத்து வாங்கி, இரண்டு சாட்சிகளும் போட்டாயிற்று. கம்பெனி ஆட்கள் லைன் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியின் கண் முன்னால் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார்கள். ஒன்றும் இல்லை.

"வித்துப்போட்டானாட்ட இருக்குதுங்க மாமா. போலீசுக்கே எழுதிருங்க" என்றார் மருமகன். அயன்காரர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

புகார் என்றால் இணைப்பு வேண்டுமே! சாம்பிள் முறைப்படி வெளியே போகவில்லை என்று காட்ட, அன்றைய சலான் நகல்களைப் புரட்டினேன். மூன்றாவது தாளில் இருந்தது: 'சீல் சாம்பிள் ஒன்று, நிறம் ஒப்பிட, சாயப்பட்டறைக்கு.' கீழே என் கையெழுத்து. காலையில் டீ குடித்துக்கொண்டே, படிக்காமல் போட்டது.

சாயப்பட்டறைக்குப் போன் செய்தேன். "இங்கதானுங்க இருக்குது. காலைல எங்க ஆளு அயன் மேசைல இருந்து எடுத்தாந்தானுங்க. கலர் கரெக்டுங்க. அனுப்பி உடட்டுங்களா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

வாக்குமூலத்தையும் புகாரையும் சேர்த்துக் கிழித்தேன். பிறகு அயன்காரரையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு லைன் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியின் முன்னால் கைகூப்பி அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அதற்கு எந்த விதியிலும் படிவம் இல்லை. "எடுக்காததை ஏன்யா எடுத்தேன்னு சொன்னீங்க?" என்றேன்.

"இல்லன்னு பத்து தடவ சொன்னேன், நம்பல. ஆமான்னு ஒரு தடவதான் சொன்னேன், ஒடனே நம்பிட்டிய. வீட்டுக்குப் போனா போதும்னு இருந்துச்சு ஐயா" என்றார். அவருடைய மனைவி கீழே கிடந்த துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் வழியில் மருமகன் கேட்டார்: "நாள் முச்சூடும் அயன் பொட்டி ஆவில நிக்கறவன் வேர்க்காம என்னங்க மாமா பண்ணுவான்?"

சரக்கு நல்லபடியாகப் போனது; அவரும் மறுநாளே வேலைக்கு வந்தார். ஆனால் யார் மீதாவது சந்தேகம் வரும்போதெல்லாம், அன்று தவறு செய்தவன் ஒரு சொட்டு வியர்வைகூட இல்லாமல் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருந்தான் என்பது நினைவுக்கு வந்து, என் வாயை அடைத்துவிடுகிறது.