இருநூறு பேருக்கு ஒரு மேயர்

என் தங்கையைப் பெண் கேட்டு வந்தவன் பிரான்ஸில் இருந்தான். பாரிஸ் என்றால்கூட யாரையாவது பிடித்து விசாரித்திருப்பேன். இவன் இருந்ததோ ஏதோ ஒரு குக்கிராமம். பாலாடைக்கட்டி செய்யும் இடத்தில் வேலை. பூர்வீகம் பாண்டிச்சேரி, எங்களைப் போலவே வேதக்காரக் குடும்பம். அப்பா போன பிறகு வீட்டில் அம்மா, தங்கை, நான் மூன்று பேர்தான். மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை என்னுடையது. அதில் எனக்குக் கர்வமும் உண்டு. டவுன் பஸ் ஏறிப் போய் டீக்கடை, சலூன், ரேஷன் கடை என்று செத்த நேரம் நின்றால் போதும், ஆளின் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். அப்படி நாலு வரன்களைத் தட்டிக் கழித்திருந்தேன். தங்கைக்கு அப்போது இருபத்தெட்டு முடிந்திருந்தது.

லீவில் வந்தவன் பெண் பார்க்க வந்த அன்று, ஊரைக் காட்டுகிறேன் என்று போட்டோக்களை எடுத்து வைத்தான். ஒரு மாதா கோயில், அதன் முன்னால் சின்ன மைதானம், சுற்றிலும் கல் வீடுகள். அத்தனை ஜன்னலும் சாத்திக் கிடந்தன. ஒரு போட்டோவில்கூட மனிதத் தலை இல்லை. எனக்கு அப்போதே உறுத்தியது.

"ஊருன்னு சொல்றீங்க, ஒரு ஈ காக்காயக் காணோமே?"

"மொத்தமே இருநூத்திச் சொச்சம் பேர்தாங்க. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிருப்பாங்க."

"அப்ப உங்களப் பத்தி நாங்க யாருகிட்ட விசாரிக்கிறது?"

"மேயருக்கு ஒரு லெட்டர் போடுங்க. அவருக்கு எல்லாரையும் தெரியும். அங்க கல்யாணம் பண்ணி வைக்கிறதே அவருதான்."

நான் சிரித்துவிட்டேன். இத்தனை பெரிய எங்கள் திண்டுக்கல்லுக்கே அப்போது மேயர் கிடையாது, நகராட்சித் தலைவர்தான். இருநூறு பேர் இருக்கிற பட்டிக்கு மேயராம். அவர் கல்யாணம் வேறு பண்ணி வைப்பாராம். ஆள் வசமாக மாட்டிக்கொண்டான் என்று உள்ளுக்குள் குஷியாகக்கூட இருந்தது.

அவன் போனதும் தங்கையிடம், "நல்லாக் காதுல பூ சுத்துறான். அங்க ஒருத்திய வச்சிருப்பான், பாரு" என்றேன்.

"எனக்கு அப்படித் தோணலண்ணே. குளிர்காலத்துல ஊரே கப்சிப்னு கெடக்கும், உங்களால தாங்க முடியுமான்னு யோசிச்சுச் சொல்லுங்கன்னாரு. ஏமாத்துறவன் அதையெல்லாம் சொல்லுவானா? எனக்குப் பிடிச்சிருக்கு."

எந்த வரனையும் பிடித்திருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. அதுவே என் சந்தேகத்தைக் கூட்டியது. மூன்றாம் வாரம் பாண்டிச்சேரிக்குப் போன் போட்டு, "பொய் பேசுற குடும்பத்துல சம்பந்தம் வேண்டாம்" என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அவன் அப்பா போனை வைத்துவிட்டார். லீவு முடிவதற்குள் அங்கேயே அவனுக்கு வேறு பெண்ணை நிச்சயம் செய்துவிட்டார்கள்.

பத்து நாள் கழித்து தங்கை பெயருக்கு ஒரு வெளிநாட்டுக் கவர் வந்தது. எனக்குத் தெரியாமல், கான்வென்டில் பிரெஞ்சு தெரிந்த வயதான சிஸ்டர் ஒருவரைப் பிடித்து அவள் அந்த மேயருக்கு எழுதியிருக்கிறாள். சிஸ்டரே வீட்டுக்கு வந்து வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

எழுதியவர் மேயரேதான், கையெழுத்துக்குக் கீழே சீலும் குத்தியிருந்தது. காலையில் மாடு கறக்கிற சம்சாரி. வாரத்தில் இரண்டு நாள் ஊர் ஆபீஸில் உட்காருகிறவர். அந்த நாட்டில் எவ்வளவு சின்ன ஊருக்கும் மேயர் உண்டாம். மாப்பிள்ளை கல்யாணம் ஆகாதவர், ரொட்டிக்கடை மாடியில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார், ஊர்த் திருவிழாவுக்குப் பெஞ்சு சுமக்க முதல் ஆளாக வருகிறவர் என்றெல்லாம் எழுதியிருந்தார்.

"சீல் போலியாக்கூட இருக்கலாம்ல சிஸ்டர்?" என்றேன். அப்போதும் என் நாக்குக்கு வெட்கமில்லை.

சிஸ்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைசி வரியைப் படித்தார். 'பெண் வீட்டார் நல்ல மனிதர்கள்தானா என்று எங்களுக்கும் கவலை இருந்தது. லீவில் இருக்கும் அவரிடமே போனில் கேட்டேன். மிகவும் நல்லவர்கள் என்றார்.'

தங்கை கடிதத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருஷம் ஒட்டன்சத்திரம் பக்கமிருந்து ஒரு வரன் வந்ததாம். அவளே அம்மாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிப் போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். மாப்பிள்ளை யார், எந்த ஊர் என்பதை, அச்சாகி வந்த கல்யாணப் பத்திரிகையைப் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன்.