ஒரு பிடிக்கு எத்தனை ஈர்க்கு

கல்விக் கந்தோரில் கோப்புகளோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவனை ஊர் சும்மா விடாது. யுத்தத்தின்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, அது முடிந்த பிறகும் கற்பிட்டிக் கடற்கரையிலுள்ள ஆலங்குடாவிலேயே தங்கிவிட்ட எனக்கு இது சீக்கிரமே விளங்கிவிட்டது. யாருக்கு எந்த அலுவலகத்தில் வேலை இருந்தாலும் முதலில் என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

அப்படித்தான் முன்பள்ளி ஆசிரியையும் வந்தாள். தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் குடும்பம். உம்மாவின் இடுப்பில் இருந்தபடி இந்தக் கரைக்கு வந்தவள். தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் பள்ளி நடத்திக்கொண்டிருந்தாள். அடுத்த கிழமை பரிசோதனைக்கு ஓர் உத்தியோகத்தர் வருகிறாராம். கணிதம் கற்பிக்க உபகரணம் இல்லையென்றால் அங்கீகாரத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கற்பிட்டி நகரத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்களாம்.

"டவுனுக்கு ஆரு சேர் கூட்டிட்டுப் போற? உம்மாமார் சுபஹ் தொழுதிட்டுத் தோட்டத்துக்குப் போயிருவாங்க. இத மூடினா இந்தப் புள்ளைகள் வெங்காயப் பாத்தியிலதான் இரிக்கும்."

உபகரணங்கள் பற்றிய சுற்றறிக்கை எனக்கு மனப்பாடம். உள்ளூரில் கிடைக்கும் பொருளாக, செலவு குறைந்ததாக, பிள்ளை தொட்டுப் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். எண்களை மட்டும் அட்டையில் வெட்டச் சொல்லியிருந்தார்கள். அதை எழுதியவர் ஆலங்குடாவின் காற்றைப் பார்த்ததில்லை. வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து, பெரிய பட்டத்தில் தொங்கிக் கடலில் சறுக்கி விளையாடுவது இந்தக் காற்றுக்காகத்தான். நாங்கள் வெட்டிய முதல் செட்டில் ஏழும் எட்டும் ஜன்னல் வழியாகப் போய்விட்டன.

அதனால் கடற்கரைக்குப் போனோம். அலை ஒதுக்கிய ஒற்றைச் செருப்புகளுக்கு அங்கே குறைவில்லை. கழுவிக் காயவைத்து, ரப்பர் அடிகளில் எண்களை வெட்டினோம். நீலச் செருப்பில் மூன்று, சிவப்பில் ஐந்து. அந்த வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் கூட்டிப் பெருக்கும் ஒரு தாய், கிழிந்துபோன பட்டத் துணி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். அதை விரித்துக் கட்டம் கீறினோம். பிள்ளைகள் அதில் குதித்துக் குதித்து எண்ணலாம்.

மிச்சமிருந்தது பத்துக் கட்டு. பத்துத் தென்னை ஈர்க்குகளை ஒரே நீளத்தில் நறுக்கி ஒன்றாகக் கட்டினால் அது ஒரு பத்து. கட்டாமல் விட்டவை ஒன்றுகள். இரண்டு கட்டும் மூன்று தனி ஈர்க்கும் சேர்ந்தால் இருபத்து மூன்று. பெரிய வகுப்புகளில் கரும்பலகையில் எழுதி எழுதியும் ஏறாத விஷயம், சின்னக் கைகளுக்குள் ஏறிவிடும்.

கட்டுவதற்குத் தாய்மாரைக் கூப்பிட்டோம். தோட்டத்திலிருந்து நேரே வந்தார்கள். அறை முழுக்க வெங்காய மணம். பத்துப் பத்தாகக் கட்ட வேண்டும் என்று நான் ஒரு சிறு விரிவுரையே நிகழ்த்தினேன். "சேர் எங்களையும் பாலர் வகுப்பில சேத்துட்டார்" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். பிறகு கதையும் வேலையுமாகக் கைகள் ஓடின. நான் ஒரு தேநீர் குடித்து முடிப்பதற்குள் கட்டுகள் குவிந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதே இறுக்கம், அதே முடிச்சு. இத்தனை ஒழுங்கான வேலையை அலுவலகத்தில் நான் கண்டதேயில்லை.

பரிசோதனை நாளில் வந்த உத்தியோகத்தர் ஓர் இளம்பெண். செருப்பு எண்களைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். மூலையில் கதிரையில் உட்கார்ந்திருந்த நான் யார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, பாடத்தை நடத்துங்கள் என்றார்.

ஆசிரியை ஆளுக்கொரு கட்டைக் கொடுத்து, அவிழ்த்து எண்ணச் சொன்னாள்.

"டீச்சர், என்ட பத்துல பன்னெண்டு இரிக்கி" என்றான் ஒருவன்.

"என்டதுல எட்டுதான்" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதல் இரண்டு கட்டுகளை எண்ணிக் கட்டியிருப்பார்கள். பிறகு கை தன் பழக்கத்துக்குப் போயிருக்கிறது. வெங்காயத்தை யாரும் எண்ணிக் கட்டுவதில்லை. இலைத்தாளோடு ஒரு கைக்குள் அடங்குவது ஒரு பிடி. அந்தக் கைக்குள் அடங்கிய ஈர்க்குகளைத்தான் பத்து என்று கட்டி அடுக்கியிருந்தார்கள்.

உத்தியோகத்தரின் பேனை நின்றது. உபகரணங்களின் திருத்தம் பற்றிய பிரிவு எது, அதில் எத்தனை நாள் அவகாசம் கேட்கலாம் என்று என் மூளை தேடத் தொடங்கியது. ஆசிரியையின் மேலுதடு வியர்த்திருந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"அப்ப ஒங்கட பத்து கொழுத்துப் போச்சி" என்றாள் பையனிடம். "இங்க ஒண்டு மெலிஞ்சி போய் இரிக்கி. என்ன செய்வம்?"

பையன் யோசித்தான். இரண்டு ஈர்க்கை உருவி அவளிடம் நீட்டினான். இருவரும் மறுபடி எண்ணினார்கள். அதற்குப் பிறகு வகுப்பு சந்தையாகிவிட்டது. ஒன்று கூடியவர்கள் ஒன்று குறைந்தவர்களைத் தேடி அலைந்தார்கள். சிலர் எண்ணியதையே திரும்பத் திரும்ப எண்ணினார்கள்.

உத்தியோகத்தர் பாயில் இறங்கி உட்கார்ந்தார். ஒரு கட்டை எடுத்து அவிழ்த்தார். ஒன்பது இருந்தது. பக்கத்திலிருந்த சின்னப் பெண்ணிடம், ஒன்று தருவாயா என்று கேட்டார்.

அவள் தன் ஈர்க்குகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பிறகு அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏலா மிஸ். தந்தா எனக்குப் பத்து வராது."

உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. "சரிதான்" என்றார். இந்தக் கட்டுகளை யார் கட்டியது என்று ஆசிரியையிடம் கேட்டார். என் கற்பிப்பின் இலட்சணத்தை அவள் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. உம்மாமார் கட்டினது, அது வெங்காயம் கட்டுற கை என்றாள். கிணற்றுக்கு மூடி போட வேண்டும், கட்டுகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு குறை எழுதிவிட்டு, அங்கீகாரம் தொடரும் என்று கீழே கையெழுத்து வைத்தார். குறை எதுவும் எழுதாமல் திரும்பும் உத்தியோகத்தரை மேலிடம் நம்பாது. அந்த நியாயம் எனக்குத் தெரியும்.

தாய்மார் தோட்டத்துக்குப் போகாமல் வேலியோரம் நின்றிருந்தார்கள். வாகனம் திரும்பிப் போனதும் ஒருத்தி கேட்டாள், "என்னவாம் டீச்சர்?"

ஆசிரியை வேலியருகே போனாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் ஏழரைக்கே அனுப்புங்க" என்றாள்.