ஜெஸ்ஸுக்கு இரண்டு கப்

என் மகளுக்கு ஏழு மாதம். அவளுடைய எடையைக் குறிக்கும் சிவப்புப் புத்தகத்தில் வளைந்து மேலேறும் கோடுகள் இருக்கின்றன. போன வாரம் அவளுடைய புள்ளி தன் கோட்டிலிருந்து ஒரு நூலளவு இறங்கிவிட்டது. தாதி அதில் ஒன்றுமில்லை என்றார். அன்றிலிருந்து நான் பூசணி மசியலைக் கரண்டியால் அளப்பதா, தராசில் நிறுப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்த அளவுப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று கணவர் கேட்டார். ஒன்பது வயதில், ஒரு நாயால் என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கக்கூடிய கதைதான்.

அப்போது நாங்கள் லண்டனில், பிளேஸ்டோவில் இருந்தோம். அம்மா, அப்பா, அப்பாவின் தமையனான பெரியப்பா, நான். அடுத்த வீட்டில் ஒரு வெள்ளைக்காரர், ஓய்வுபெற்ற பஸ் சாரதி, தனியாக இருந்தார். தனியாக என்பது சரியில்லை. அவருடன் ஜெஸ் இருந்தாள். ஜெஸ் ஒரு ஸ்பானியல் வேட்டை நாய். மண்ணிறமும் வெள்ளையும் கலந்த உடம்பு, தண்ணீர் குடிக்கும்போது கிண்ணத்துக்குள் விழும் காதுகள். குளிர்காலச் சனிக்கிழமைகளில் அவர் அவளை எசெக்ஸ் பக்கம் கூட்டிப்போவார். அங்கே யாரோ சுட்டு வீழ்த்தும் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளைப் பற்றைக்குள் தேடிப் பல் படாமல் கவ்விவந்து கொடுப்பது அவள் வேலை.

ஜனவரியோடு வேட்டைக்காலம் முடிந்தது. மார்ச்சில் அவருக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. அதன் பிறகு இரண்டு மாதம் மகள் வீட்டில் தங்கவேண்டும். அந்தக் கட்டடத்தில் நாய் வைத்திருக்க அனுமதியில்லை. இதை அவர் வேலிக்கு மேலால் சொல்லத் தொடங்க, பெரியப்பா கேள்வி முடியும் முன்னரே "நோ ப்ராப்ளம்" என்றார். பெரியப்பாவின் ஆங்கிலத்தில் அதிகம் உழைத்த சொற்கள் அவை இரண்டும்தான்.

ஆனால் அடுத்த வீட்டுக்காரர் பொறுப்பை என்னிடம்தான் கொடுத்தார். அவர் சொல்வதைக் கடைசிவரை கேட்டவள் நான் ஒருத்தி. ஒரு தாளில் எல்லாம் எழுதித் தந்தார். வேட்டைக்காலத்தில் நாளுக்கு மூன்று கப் உலர்தீனி. இப்போது ஓட்டம் இல்லை. எனவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து இரண்டு வாரத்தில் இரண்டு கப்புக்குக் கொண்டுவர வேண்டும். இடையில் வேறெதுவும் கொடுக்கக் கூடாது. விலாவில் கையை வைத்தால் எலும்புகள் விரலுக்குத் தெரியவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது. என் கையைப் பிடித்து ஜெஸ்ஸின் விலாவில் வைத்து எண்ணவும் வைத்தார். பிறகு, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஒக்டோபரில் அவள் ஓடுவதைப் பார்க்க என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். நான் அதுவரை கண்ட வயல்களெல்லாம் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடிய வயல்கள். அன்றிரவு அந்தத் தாளைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன்.

அம்மாவுக்கு அதை வாசித்து விளங்கப்படுத்தியதும் நான்தான்.

"வேலை இல்லையெண்டால் சாப்பாட்டைக் குறைக்கிறதோ? உதென்ன நியாயம்?" என்றார் அம்மா. "அப்பிடிப் பாத்தால் உன்ர பெரியப்பாவுக்கு நாலு வருசமா ஒண்டும் குடுத்திருக்கேலாது."

முதுகுவலியால் வேலையை விட்டிருந்த பெரியப்பா, பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"விருந்துக்கு வந்த சீவன். அதுவும் வைரவரின்ர வாகனம்," என்று அம்மா முணுமுணுத்தார். நான் தாளைக் காட்டினேன். அம்மா, சரி சரி என்றார். அம்மா அவ்வளவு சுலபமாகச் 'சரி' சொல்லி நான் முன்பு கேட்டதில்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஞாயிறுதோறும் நிறுவை. ஜெஸ் தராசில் நிற்கமாட்டாள். அதனால் அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு குளியலறைத் தராசில் ஏறுவார்; நான் அப்பாவின் நிறையைக் கழித்து எழுதுவேன். முதல் வாரம் பதினெட்டுக் கிலோ. மூன்றாம் வாரம் பத்தொன்பதரை.

"நாயின்ர நிறையோ, உன்ர நிறையோ எண்டு ஆர் கண்டது?" என்றார் பெரியப்பா, கதவோரம் நின்று.

அப்பா தனியாக ஏறிப் பார்த்தார். அவரும் அரைக் கிலோ கூடியிருந்தார். ஆனாலும் கணக்கைத் திருத்திப் பார்த்தபோதும் ஜெஸ் கூடித்தான் இருந்தாள்.

நான் என்னையே சந்தேகப்பட்டேன். கப்பைக் குவித்து அளந்துவிட்டேனோ? கத்தியின் முதுகால் மட்டம் தட்டி அளந்தேன். யாருக்கும் சொல்லாமல் அரைக் கப் குறைத்தேன். ஐந்தாம் வாரம் இருபத்தொரு கிலோ. இன்னும் அரைக் கப் குறைத்தேன். கிண்ணத்தில் தீனி விழும் சத்தத்தை எண்ணிவிடலாம்போல இருந்தது. ஜெஸ் கிண்ணத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முறைப்பாடு எதுவும் இல்லாமல் அம்மா சமைக்கும் குசினிப் பக்கம் நடந்தாள். அவளுடைய விலாவில் விரலை வைத்தேன். சோபாவில் வைத்ததுபோல இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை, மரக்கறிச் சாப்பாட்டுக்கு நடுவில், அம்மா ஜெஸ்ஸின் வயிற்றைப் பார்த்தபடி சொன்னார்:

"இஞ்சருங்கோ. இவள் முழுகாமல் இருக்கிறாள் போல கிடக்கு."

அப்பாவின் கை வாயருகே நின்றது. அந்தச் சொல்லை நான் கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதைச் சொல்லும்போது பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். சில மாதத்தில் ஒரு குழந்தை வரும்.

"அந்த மனிசன் எங்களை நம்பியெல்லோ விட்டிட்டுப் போனது," என்றார் அப்பா. "இனி எந்த முகத்தோட அவரோட கதைக்கிறது?"

"எங்கட வீட்டில இருக்கேக்க நடந்திருக்கு. பொறுப்பு எங்கடதான்," என்றார் பெரியப்பா, ஊரில் வழக்குத் தீர்ப்பவர்போல. பிறகு என்னைப் பார்த்தார். "பிள்ளை, பார்க்கில இவளை எங்கையாவது அவிட்டு விட்டனியோ?"

"இல்லை," என்றேன்.

அது பொய். மூன்று வாரத்துக்கு முன் சப்பாத்துக் கயிற்றைக் கட்டக் குனிந்தபோது ஜெஸ்ஸின் கழுத்து வாரைக் கீழே போட்டுவிட்டேன். ஜெஸ் ஒரு கறுப்பு நாயோடு பற்றைக்குப் பின்னால் ஓடிப்போய், பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தாள். குட்டி எப்படி உண்டாகும் என்று எனக்குத் தெரியாது. வாரைக் கீழே போட்டால் உண்டாகும் என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

அதன்பின் தாளுக்கு மதிப்பில்லை. "பிள்ளைத்தாய்ச்சிக்கு அளவுச் சாப்பாடோ?" என்று கேட்டு அம்மா வெளிப்படையாகவே கோழி ஈரல் அவித்தார். அப்பா ஹோல் கண்ணாடியின் முன் நின்று, தொலைபேசியில் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தார். ஜெஸ் விசயமாக ஒரு சந்தோசமான, ஆனால் வருத்தமான செய்தி என்று அது தொடங்கியது.

"சந்தோசத்தை முதல்ல சொல்லாதேங்கோ," என்றார் அம்மா குசினியிலிருந்து.

பெரியப்பா காலையில் பார்க்கில் போய் இருக்கத் தொடங்கினார். போகிற வருகிற நாய்களையெல்லாம் உற்றுப் பார்த்தார். "அத்தான் மாப்பிள்ளை பாக்கிறார்," என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயலும் போச்சு, என் சொல்லும் போச்சு. இரண்டில் எதற்காக அழுவது என்று தெரியாமல் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு இருந்தேன்.

மிருக வைத்தியரிடம் காட்டிய பிறகு அடுத்த வீட்டுக்காரருக்கு அறிவிக்கலாம் என்று கடைசியில் அப்பா முடிவெடுத்தார். எல்லோரும் போனோம். ஏன் எல்லோரும் என்று இன்றுவரை தெரியாது. பெண்பிள்ளை விசயம் என்பதால் இருக்கலாம். காத்திருக்கும் அறையில் ஒரு கறுப்பு நாய் இருந்தது. ஜெஸ் வாலை ஆட்டினாள். என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"நான்தான் விட்டனான்!" என்று கத்தி அழுதேன். "இந்த நாயில்லை. இதைப்போல ஒண்டு!"

அம்மா என் தலையைத் தன் மடியில் அமுக்கினார். பெரியப்பா குனிந்து, மெல்லக் கேட்டார்: "நல்ல இடத்து நாயோ பிள்ளை?"

வைத்தியர் ஓர் இளம்பெண். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒத்திகை பார்த்ததையெல்லாம் அவரிடம் சொல்லிமுடித்தார். அவர் பொறுமையாகக் கேட்டு, ஜெஸ்ஸைப் புரட்டி, வயிற்று மயிரை விலக்கி ஒரு மெல்லிய பழைய தழும்பைக் காட்டினார். இவளுக்குக் கருப்பையே இல்லை, எப்போதோ எடுத்தாயிற்று. நான் அம்மாவுக்கு மொழிபெயர்த்தேன்.

"ஐயோ பாவம்," என்றார் அம்மா. அவருடைய கை தானாகக் கைப்பைக்குள் போனது. உள்ளே உளுந்து வடை இருந்தது.

வைத்தியர் வடையைப் பார்த்தார். இது வெறும் கொழுப்பு என்றார். யார் சாப்பாடு போடுவது என்று கேட்டார். நான் கையை உயர்த்தி, நாளுக்கு ஒரு கப் மட்டும் என்றேன். அவர் அதை நம்பாமல் மற்றவர்களைப் பார்த்தார்.

"ஒரு பிடி சோறு," என்றார் அம்மா தமிழில், அப்பாவைப் பார்த்து. "மத்தியானம். பிள்ளை பள்ளிக்கூடம் போனாப்பிறகு. அதின்ர கண்ணைப் பாத்துக்கொண்டு நான் எப்பிடிச் சாப்பிடுறது?"

"நான் தேத்தண்ணி குடிக்கேக்க ரெண்டு பிஸ்கற்தான்," என்றார் அப்பா.

எல்லோரும் பெரியப்பாவைப் பார்த்தோம்.

"மட்டன் ரோல்," என்றார் அவர். "பாதி. நான் முழுசாக் குடுக்கேல்லை."

"தினமோ அண்ணை?"

"கடை பூட்டின நாள் இல்லை."

வைத்தியருக்கு விளங்கியவை 'பிஸ்கற்', 'மட்டன் ரோல்' ஆகிய இரண்டும்தான். அவை போதுமாக இருந்தன. அவர் என்னிடம் திரும்பி, வேறு ஏதாவது உண்டா என்றார். நான் என் பாண் துண்டுகளின் ஓரங்களைப் பற்றிச் சொன்னேன். அம்மா பார்க்காதபோது அவற்றை மேசைக்குக் கீழே விடுவேன். அதைச் சாப்பாடு என்று நான் ஒருபோதும் கணக்கில் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு மிஞ்சியிருந்த மூன்று வாரமும் எங்கள் வீடு ஒரு சிறைச்சாலை. அப்பா தேநீரை மாடியில் குடித்தார். பெரியப்பா வீட்டுக்குள் வரும்போது நான் சட்டைப்பையைச் சோதித்தேன். ஜெஸ் ஒரு கிலோ குறைந்தாள், அப்பாவும்.

மே மாதம் அடுத்த வீட்டுக்காரர் இரண்டு ஊன்றுகோல்களோடு வந்திறங்கினார். ஜெஸ் நான்கு காலும் ஒன்றாகப் பறக்க அவரிடம் ஓட முயன்று, பாதியில் களைத்து, மிச்சத்தை நடந்து போனாள். நான் பின்னால் போய், தாளை நீட்டி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வார் விழுந்தது, பொய் சொன்னது, வடை, ரோல், பாண் ஓரம். அவர் மெல்ல மெல்லக் கதிரையில் அமர்ந்து ஜெஸ்ஸின் விலாவில் விரல்களை வைத்தார். நீண்டநேரம் தேடினார். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "பரவாயில்லை. இனி அவசரமில்லை," என்றார்.

என்ன நல்ல மனிதர் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் சொன்னார்கள். கோடை முழுவதும் அம்மா வேலிக்கு மேலால் சோறு கொடுக்க, அவர் ஒரு தரமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓகஸ்ட் வந்தது, வேட்டைக்காலத்துக்காகத் தீனியைக் கூட்டவேண்டிய காலம். கூட்டிவிட்டீர்களா என்று கேட்டேன். அவர் ஜெஸ்ஸின் காதைத் தடவினார்.

ஒக்டோபரின் முதல் சனிக்கிழமை, வயலுக்குக் கூப்பிடுவார் என்று, சேற்றில் போடும் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு வாசற்படியில் இருந்தேன். அவர் ஒரு ஊன்றுகோலோடு தெருமுனைவரை நடந்து போய், ஜெஸ்ஸோடு திரும்பி வந்தார். அவ்வளவு தூரத்துக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. என் காலைப் பார்த்ததும் வாசலில் நின்றார். உள்ளே போய், கயிற்றில் கோத்த ஒரு கொம்பு விசிலைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். வேட்டையில் ஜெஸ்ஸைக் கூப்பிடும் விசில் அது. வாய் வைக்கும் இடம் பல் பட்டுத் தேய்ந்திருந்தது.

பொய்யை ஒப்புக்கொண்டதற்குப் பரிசு என்று நினைத்தேன். வயலுக்குக் கூட்டிப்போகாதது, அந்தப் பொய்க்குத் தண்டனை என்றும் நினைத்தேன். இரண்டும் சரியாகக் கழிந்துவிட்டதில் எனக்குத் திருப்தி.

"அப்ப இவளை எதால கூப்பிடுவீங்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"கிட்டத்தானே இருக்கிறாள்," என்றார் அவர்.

நான் நன்றி சொல்லிவிட்டு ஓடினேன். பெரியப்பா எழும்பித் தடுக்கும் முன் எங்கே போய் ஊதுவது என்பதுதான் அப்போது என் கவலை.